பழைய பயாஸ், புது யூஇஎஃப்ஐ: ஒரே நெட்வொர்க்கில் பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழி) பூட் செய்வது எப்படி?

பெங்களூரு நண்பர்களுக்கு வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், பீன்யாவில் உள்ள எங்கள் அலுவலகக் கணினிகளை மாற்றிக்கொண்டிருக்கிறோம். கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளாகப் புது யூஇஎஃப்ஐ உள்ளவற்றுக்கு விண்டோஸ் 11, பழைய பயாஸ் உள்ள பெட்டிகளுக்கு உபுண்டு. இமேஜை (தயார் செய்த இயங்குதளப் பிரதியை) நெட்வொர்க் வழியே இறக்க ஃபாக் சர்வர்.

சிக்கல் இதுதான்: பூட் ஃபைல் பெயரைச் சொல்லும் டிஎச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரி தரும் சேவை) ஆப்ஷன் 67-ல் ஒரு பெயர்தான் கொடுக்க முடியும். இரண்டு வகைக்கும் ஃபைல் வேறு. கணினி எந்த வகை என்று சொல்லும் ஆப்ஷன் 93-ஐப் பார்த்துப் பிரிக்கலாம், ஆனால் எங்கள் ஃபயர்வாலில் ஓடும் டிஎச்சிபியில் அந்த வசதி இல்லை. அதனால் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளை, ஐபி தராமல் பூட் தகவலை மட்டும் தரும் ப்ராக்ஸி டிஎச்சிபியாக வைத்தேன். சர்வர் இருக்கும் விலானில் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவில்) ஜோராக ஓடுகிறது. மேல்மாடி விலானில் ஐபி வருகிறது, பூட் ஃபைல் வரவில்லை.

சுவிட்ச்சில் ரிலே முகவரியாக (டிஎச்சிபி கோரிக்கைகளை வேறு விலானுக்கு அனுப்பிவைக்கும் முகவரியாக) ஃபயர்வால், ப்ராக்ஸி இரண்டையும் கொடுத்து யாராவது ஓட்டியிருக்கிறீர்களா? வெண்டரைக் கேட்டால் புது சர்வர் வாங்கச் சொல்கிறார், அவர் வேறென்ன சொல்வார்! உங்கள் டிஎன்எஸ்மாஸ்க் கான்ஃபிக்கைப் பகிர்ந்தால் பெரிய உதவி.