சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பரப்பைப் பள்ளி மாணவர்களுக்கு எப்படி எடுத்துரைப்பது?

கேள்வி: தமிழாசிரியை, விழுப்புரம்

வணக்கம். எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு உயர்கல்வி குறித்து ஓர் உரை நிகழ்த்தும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. ஆராய்ச்சி என்றாலே வெள்ளை மேலங்கியும் சோதனைக் குழாயும்தான் அவர்கள் கண்முன் வருகின்றன. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் தமிழ், கணிதம், தாவரவியல், பொருளியல், வரலாறு ஆகிய அனைத்திலும் ஆய்வு நடக்கிறது என்று சொன்னால், "தமிழில் புதிதாக ஆராய என்ன இருக்கிறது, டீச்சர்?" என்று கேட்கிறார்கள். துறைகளின் பட்டியலும் கட்டுரைகளின் எண்ணிக்கையும் எனக்கு இணையத்திலேயே கிடைத்துவிட்டன. அவற்றைக் கொண்டு ஒரு மாணவனின் உள்ளத்தில் எதையும் பதிய வைக்க முடியாது. 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ள விரும்புகிறேன். அங்கே உண்மையில் எதைக் கண்டுபிடித்தார்கள், எதை உருவாக்கினார்கள் என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல இயலுமா?

மறுமொழி 1: உயிர் இயற்பியல் படித்தவன்

அம்மா, தாங்கள் ஜி.என். இராமச்சந்திரனிடமிருந்து தொடங்கலாம். 1952இல் இயற்பியல் பேராசிரியராகக் கிண்டி வளாகத்துக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பதுதான். அப்போது சென்னைக்கு வந்திருந்த ஜே.டி. பெர்னால் என்னும் அறிவியலாளர், தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொன்னதிலிருந்து இராமச்சந்திரனின் ஆய்வு திசை திரும்பியது. அருகிலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்ததால், ஆய்வுக்கு வேண்டிய தசைநாண் அங்கிருந்து கிடைத்தது. அதன் ஊடாக எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, படிந்த படத்தைக் கொண்டு கணக்கிட்டு, மூன்று இழைகள் சேர்ந்த முச்சுருள் வடிவத்தை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்குப் பின் நடந்ததை. பிரான்சிஸ் கிரிக் முதலானோர், அந்த வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கின்றன, அவ்வளவு நெருங்க முடியாது என்று மறுப்புத் தெரிவித்தார்கள். அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்க முடியும் என்ற கேள்வியை இராமச்சந்திரன் கையிலெடுத்தார். அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசி, அணுக்களுக்கு இடையே இருக்க வேண்டிய குறைந்த அளவு தொலைவுகளை வகுத்துக்கொண்டார். புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இருபுறமும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு உண்டு. அந்த இரண்டு கோணங்களையும் கிடை அச்சிலும் செங்குத்து அச்சிலும் வைத்து, அணுக்கள் மோதிக்கொள்ளாத கோணச் சேர்க்கைகளை மட்டும் குறித்தால், தாளின் பெரும்பகுதி வெறுமையாகி, சில திட்டுகள் மட்டும் எஞ்சும். சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடம் இதுதான். இன்றும் உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் வடிவத்தைத் தீர்மானித்தாலும், அது சரியாக அமைந்திருக்கிறதா என்பதை இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

மறுமொழி 2: சுவடிநூலகர்

"தமிழில் ஆராய என்ன இருக்கிறது" என்ற கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் பின்னிணைப்பாகவும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை வகுப்பறைக்கே கொண்டுசென்று காட்டுங்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. ஏதேனும் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்தால், பொருளுக்கு அருகிலேயே அப்பொருளில் அச்சொல் ஆளப்பட்ட இலக்கிய இடம் குறிக்கப்பட்டிருக்கும். வட்டார வழக்காயின் அது எந்தப் பகுதிக்கு உரியது என்ற குறிப்பும் இருக்கும். பொருளைச் சொல்லிவிடுவது எளிது. அந்தப் பொருள் எங்கே கண்டது என்று சான்று காட்ட வேண்டுமானால், அச்சேறாத நூல்களையும் கல்வெட்டுகளையும் பேச்சு வழக்கையும் ஒருவர் தேடிப் படித்திருக்க வேண்டும். ச. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்த பத்தாண்டுகளிலும் அதற்கு முன்னரும் மு. இராகவையங்கார் போன்ற புலவர்கள் செய்தது அந்த வேலையைத்தான்.

இதே வளாகத்தின் சமஸ்கிருதத் துறையில் 1935இல் மற்றொரு பெரும்பணி தொடங்கியது. உலகெங்கும் உள்ள சமஸ்கிருத, பாலி, பிராகிருதச் சுவடிகள் எந்த நூலகத்தில் எந்த எண்ணில் இருக்கின்றன என்பதை ஆசிரியர் பெயர், நூற்பெயர் வரிசையில் தொகுக்கும் பட்டியல் அது. முதல் தொகுதி 1949இல் வந்தது, வே. இராகவன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே கொடுத்தார். வரலாற்றுத் துறையில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி கல்வெட்டுகளை அடிப்படையாக வைத்துச் சோழர் வரலாற்றை எழுதியதும், அறுபதுகளில் டி.வி. மகாலிங்கம் உறையூரில் அகழாய்வு நடத்தியதும் இத்துடன் சேர வேண்டியவை.

மறுமொழி 3: பொருளியல் ஆய்வாளர்

மேலே சொன்னதில் ஒரு சிறு திருத்தம். பேரகராதி 1913இல் அரசின் முயற்சியாக மதுரையில், ஜே.எஸ். சாண்ட்லர் என்ற மிஷனரியின் பொறுப்பில் தொடங்கியது. பின்னர்தான் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அதனால் அதன் பெருமை குறையவில்லை. ஆனாலும், நெடுங்காலப் பணிகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

விழுப்புரத்தில் இருக்கும் தங்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியரான கில்பர்ட் சிலேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களுக்குச் சென்று நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எங்கே வாங்குகிறார்கள், எத்தனை கிணறு, எத்தனை மாடு என்று விசாரித்து எழுதிவரச் செய்தார். அந்த அறிக்கைகள் 1918இல் நூலாயின. தங்கள் மாவட்டத்தின் இருவேல்பட்டு, திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டின் தூசி, இராமநாதபுரம் மாவட்டத்தில் அன்று இருந்த வடமலைபுரம் ஆகியவை அவற்றுள் சில. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறு ஆய்வுக்கு உட்படுத்தினார்கள். அதன்பின் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்கு மீண்டும் சென்றார்கள். ஓர் ஊரில் பண்ணையாள் முறை எப்படித் தளர்ந்தது, நிலம் எப்படிக் கைமாறியது என்பதைத் தலைமுறைகளின் ஊடே பார்க்க முடிகிறதென்றால், அன்று மாணவர்கள் எழுதி வைத்ததுதான் அதற்குக் காரணம். இந்திய ஊரகப் பொருளியலில் இதற்கு நிகரான சான்றுத் தொடர் மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து. ஆய்வகமோ கருவியோ தேவைப்படாத ஆராய்ச்சி இது. தங்கள் மாணவர்களே செய்யக்கூடியது.

மறுமொழி 4: கணித ஆசிரியர்

எல்லாரும் துறை துறையாகச் சொல்லிவிட்டார்கள். துறைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தையும் காட்ட வேண்டும். சீனிவாச இராமானுஜன் 1913இல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையுடன் இப்பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக இருந்தார் என்பது பலருக்கும் தெரியும். அவர் பெயரிலான கணித உயராய்வு நிறுவனத்தில் இயக்குநராக இருந்த சி.டி. இராஜகோபால், பகுப்பாய்வுக் கணிதத்தில் தேர்ந்தவராயிருந்தும், கேரளத்துப் பழைய நூல்களிலும் சுவடிகளிலும் உள்ள முடிவிலாத் தொடர்களைப் பற்றி எம்.எஸ். ரங்காச்சாரி முதலானோருடன் சேர்ந்து எழுதினார். ஐரோப்பியர் பெயரால் வழங்கும் அந்தத் தொடர்களை அவர்களுக்கு முன்பே கேரளக் கணித அறிஞர் மாதவரின் மரபினர் அறிந்திருந்தார்கள் என்பதை நிறுவ, கணிதமும் தெரிய வேண்டும், சுவடியின் மொழியும் தெரிய வேண்டும். சுவடிப் பட்டியலும் கணித நிறுவனமும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருப்பதன் பயனை இங்கேதான் நான் காண்கிறேன்.

தாவரவியலையும் விட்டுவிடாதீர்கள். எம்.ஓ.பி. ஐயங்கார் 1932இல் விவரித்த ஃபிரிட்சியெல்லா என்னும் பாசி, குளம் வற்றும்போது எஞ்சும் ஈர வண்டலில் வளர்வது. அதன் ஒரு பகுதி மண்ணுக்குள் படர, மற்றொரு பகுதி மேல்நோக்கி எழும். நீரில் வாழ்ந்த செடியினம் நிலத்துக்கு எப்படி ஏறியிருக்கும் என்று சிந்திப்போர் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். அவருக்குப் பின் டி.எஸ். சதாசிவன், பருத்தியை வாட்டும் மண் பூஞ்சைகளை ஆராய்ந்தார்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இருவேல்பட்டு ஆய்வைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது; எங்கள் மாணவர்களில் சிலர் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்பதால் உரையை அதிலிருந்தே தொடங்கப்போகிறேன். பேரகராதியின் ஆறு தொகுதிகளும் எங்கள் பள்ளி நூலகத்தில் இல்லை. இணையத்தில் பார்க்க வழியுண்டா?

மறுமொழி 2: சுவடிநூலகர்

உண்டு, அம்மா. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் பேரகராதி முழுவதையும் சொல் இட்டுத் தேடலாம். வகுப்பில் காட்டுவதற்குப் 'படி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வினையாகவும் பெயராகவும் அதற்கு எத்தனை பதிவுகள் உள்ளன என்பதை மாணவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.