இரவில் எரியும் பாதங்கள்: எச்.ஐ.வி.யோடு வாழும் எங்கள் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

இந்தக் கால் எரிவு எனக்குக் கால்விரல் நுனியில்தான் தொடங்கியது. பகலில் வேலையோடு வேலையாய்ப் போய்விடும். இரவு படுத்தால் உள்ளங்கால் எரியும், பெட்ஷீட் பட்டாலே சுள்ளென்று குத்தும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, அதன் மேலால் போர்வையை விட்டுவிடுவேன். துணி பாதத்தில் படாது, நித்திரையும் வரும். படுக்குமுன் கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்தாலும் எரிவு தணிகிறது. ஐஸ் மட்டும் போடுவதில்லை.

கொழும்பு டி சேரம் பிளேஸில் இருக்கும் எச்.ஐ.வி. கிளினிக்கில் டொக்டர் முதலில் விசாரித்தது பழைய குளிசைகளைப் பற்றி. சென்னையில் இருந்த காலத்தில் நான் எடுத்தது ஸ்டாவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்து. அது நரம்பைக் கெடுக்கும் என்பதால் 2009 இல் உலக சுகாதார அமைப்பே படிப்படியாகக் கைவிடச் சொன்ன மருந்து. மாற்றிப் பல வருடமாகியும் கெட்ட நரம்பு முழுதாக ஆறவில்லை. வைரஸும் தன் பங்குக்கு நரம்பைத் தாக்குமாம். சீனி வருத்தம், விற்றமின் பி12 குறைவு, குடிப்பழக்கம் என்று வேறு காரணங்கள் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் வலிக்குக் கபபென்டின் எழுதினார்.

கால் எரிகிறதே என்று இப்போது எடுக்கும், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.வி. குளிசையைத் தயவுசெய்து யாரும் தாமாக நிறுத்தாதீர்கள். வைரஸ் கூடினால் நரம்புக்குத்தான் இன்னும் கேடு.

அப்புறம், கோயில். மத்தியான வெயிலில் வெளிவீதி தணலாய்க் கிடக்கும். விறைத்து உணர்ச்சி குறைந்த காலுக்கு அது உடனே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நான் விடியற்காலைப் பூசைக்கே போய்விடுவேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா, எரிவைவிட எனக்கு விறைப்புத்தான் பயம். அம்மா அன்பாய்ச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவருவா. முழங்கையால் சூடு பார்க்காமல் காலை விடமாட்டேன். இரவில் சின்னக் கண்ணாடி பிடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்ப்பேன், வெட்டுக்காயமோ சிவப்போ இருக்கிறதா என்று.

எனக்குக் காசநோய்க்கு ஐசோனியசிட் என்ற மருந்து தந்தபோது கூடவே விற்றமின் பி6 தந்தார்கள். ஐசோனியசிட்டாலும் கால் விறைக்கலாம் என்பதால்தான். அதற்காக பார்மசியில் பி6 குளிசையைக் கண்டபடி வாங்கிப் போடாதீர்கள், அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை. முதலாளியிடம் “காலில் நரம்பு வருத்தம் சேர்” என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் கேட்காமல் ஒரு ஸ்டூல் போட்டுத் தந்தார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

மருதானையிலிருந்து:

எனக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சப்பாத்துப் போட்டால் விரல் நெரிகிறது. என்ன மாதிரி வாங்குவது?

வெள்ளவத்தையிலிருந்து:

தம்பி, முன்பக்கம் அகலமானதாய்ப் பாருங்கள். பின்னேரம் போய் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு பிழைக்காது. போடுமுன் உள்ளே கையை விட்டுக் கல், ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் டொக்டரிடமும் காட்டிவிடுங்கள்.