கப்பல் ஹல் சிமுலேஷன்: டொமைனை நீட்டியும் தடையின் ஏற்ற இறக்கம் அடங்கவில்லை

கேள்வி:
வணக்கம். கே.சி.எஸ். (ஆய்வுகளில் ஒப்பீட்டுக்குப் பயன்படும் கொள்கலன் கப்பல் வடிவம்) மாதிரி ஹல், அதாவது கப்பலின் உடற்பகுதி. நீளம் 7.2786 மீ., மூழ்காழம் 0.3418 மீ., வேகம் நொடிக்கு 2.196 மீ., ஃப்ரூட் எண் (வேகத்தைக் கப்பல் நீளத்தோடு ஒப்பிடும் எண்) 0.26. அமைதி நீர், ஹல் அசையாது, சமச்சீர் தளம் வைத்துப் பாதி ஹல் மட்டும். சால்வர் ஓப்பன்ஃபோமின் இன்டர்ஃபோம் (நீரையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் நிரல்). டொமைன் (கணக்கிடும் பகுதி): முன்னால் 1 கப்பல் நீளம், பின்னால் 2, பக்கவாட்டில் 0.5, அடியில் 0.5.

தடை (ஹல்லை நீர் பின்னிழுக்கும் விசை) சுமார் 5.6 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. 40 நொடி ஓடியும் நிற்கவில்லை. அவுட்லெட்டை (நீர் வெளியேறும் பின் எல்லை) இன்னொரு கப்பல் நீளம் பின்னால் தள்ளினேன்; அதே 5.6 நொடிதான். சராசரியோ சோதனைத் தொட்டி மதிப்பைவிட 3% கூட. டொமைனை இன்னும் எவ்வளவு பெரிதாக்க வேண்டும்?

பதில் 1:
இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளை ஒன்றாகப் பார்க்கிறீர்கள். ஏற்ற இறக்கத்துக்கு டொமைன் காரணமில்லை. அவுட்லெட்டைத் தள்ளியும் காலம் மாறாததே அதற்குச் சான்று. எல்லையில் பட்டுத் திரும்பும் அலை என்றால் தூரத்தோடு காலமும் மாறியிருக்கும்.

8 × பை × வேகம் ÷ 9.81 போட்டுப் பாருங்கள்: 5.63 நொடி. முதல் நொடியிலேயே முழு வேகம் கொடுத்தால் பல அதிர்வெண்ணில் அலைகள் கிளம்பும். அவற்றில் ஒன்றின் குழுத் திசைவேகம் (அலையின் ஆற்றல் நகரும் வேகம்) கப்பல் வேகத்துக்குச் சமம்; அதன் காலம்தான் இந்த 5.63 நொடி. அது ஹல்லை விட்டு விலகாமல் கூடவே வரும், மிக மெதுவாகத்தான் தேயும். எத்தனை செல் (டொமைனைப் பிரிக்கும் சிறு கட்டம்) சேர்த்தாலும் இது போகாது. இப்போதைக்கு, கடைசி 3 அல்லது 4 முழுச் சுற்றுகளை எடுத்துச் சராசரி பாருங்கள். அரைச் சுற்றில் வெட்டினால் சராசரியே தப்பாகும்.

பதில் 2:
அந்த 3%க்குப் பக்கச்சுவரையும் அடித்தளத்தையும் பாருங்கள். பாதி ஹல்லின் நடுவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 0.17 ச.மீ. உங்கள் நீர்ப்பகுதி 3.64 × 3.64 = 13.2 ச.மீ. அடைப்பு, அதாவது அதில் ஹல் அடைக்கும் பங்கு, 1.3%. ஆழ ஃப்ரூட் எண் (கப்பல் நீளத்துக்குப் பதில் நீராழத்தை வைத்தது) 0.37ஐயும் சேர்த்தால் ஹல்லைச் சுற்றி நீர் 1.5% வேகமாக ஓடும். தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்றாலே 3% வந்துவிடுகிறது. மெஷ்ஷை (செல்களின் வலை) குறை சொல்வதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள்.

பக்கம் 1.5 நீளம், அடி 1.5 நீளம் வைத்தால் அடைப்பு 0.15% பக்கம் இறங்கும். தூரத்துச் செல்கள் பெரிதாக இருக்கலாம், எண்ணிக்கை அதிகம் கூடாது. முன்னால் 1 போதும். மேலே காற்றுக்கு 0.5 முதல் 1.

பதில் 3:
பின்பக்கம் 3 நீளம் நல்ல அளவு. கப்பலுக்குப் பின்னால் குறுக்காக எழும் குறுக்கலையின் நீளம் 3.09 மீ.; கடைசி இரண்டு அலைநீளத்தில், அதாவது 6 மீட்டரில், செல்லை நீளவாக்கில் மட்டும் படிப்படியாக நீட்டுங்கள், அலை அங்கேயே மடியும். உயரவாக்கில் நீட்டவே கூடாது, நீர்மட்டம் கலங்கிவிடும். ஹல் அருகே ஒரு அலைநீளத்துக்கு 80 செல், நீர்மட்டத்தில் செல் உயரம் 7 மி.மீ. அளவு. நீர்மட்டம் செல்லின் நடுவில் விழாமல் செல் முகத்தோடு ஒட்டியிருக்கட்டும்.

அவுட்லெட்டில் எல்லை நிபந்தனையாக வேகத்துக்கு அவுட்லெட்ஃபேஸ்மீன்வெலாசிட்டி, ஆல்ஃபாவுக்கு (செல்லில் நீரின் பங்கு) வேரியபிள்ஹைட்ஃப்ளோரேட். வெறும் சீரோகிரேடியன்ட் (எல்லையைத் தாண்டும்போது மதிப்பு மாறாது என்ற நிபந்தனை) போட்டால் நீர்மட்டம் மெல்ல நகரும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் இன்லெட் (நீர் நுழையும் முன் எல்லை) வேகத்தை 12 நொடியில் சுழியத்திலிருந்து ஏற்றினால் போதுமா?

பதில் 1:
இன்லெட்டை மட்டும் ஏற்றாதீர்கள். 12 நொடியில் 2.196 என்றால் முடுக்கம் 0.18 மீ./நொடி². இன்லெட்டிலிருந்து அழுத்தமே மொத்த நீரையும் தள்ள வேண்டியிருக்கும். அதற்காக நீர்மட்டம், முடுக்கத்துக்கும் 9.81க்கும் உள்ள விகிதத்தில் சரியும். உங்கள் பழைய 29 மீட்டர் டொமைனில்கூட அது அரை மீட்டருக்கு மேல், உங்கள் மூழ்காழத்தையே தாண்டுகிறது! ஏற்றும் 12 நொடியும் நீர், காற்று இரண்டுக்கும் அதே முடுக்கத்தை பாடி ஃபோர்ஸாக (ஒவ்வொரு செல்லிலும் செயல்படும் விசை) கொடுங்கள். ஓப்பன்ஃபோமின் டேபுலேட்டட் ஆக்சிலரேஷன் சோர்ஸ் அதற்குத்தான். இன்லெட் அட்டவணையும் அதுவும் ஒரே வளைவில் இருக்க வேண்டும், தொடக்கமும் முடிவும் வழுவழுப்பாக. அந்த 12 நொடியில் பதிவாகும் தடையில் இந்த விசையின் பங்கும் கலந்திருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.