மறு: கோல்ஃப் "கிரீன்" – குழித்திடல், திடல்வரிசை, வாட்டம்

அன்புடையீர்,

கோல்ஃப் களத்தில் குழியைச் சுற்றிலும் அமைந்த புல்தரையாகிய "கிரீன்" என்பதற்குத் தமிழில் பசுந்தரை, பசும்புல்வெளி, குழிப்பரப்பு ஆகிய மூன்று சொற்கள் இவ்விழையில் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. முதலிரண்டும் நிறத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கோல்ஃப் களத்திலோ பார்க்குமிடமெல்லாம் பச்சைதான். குழிப்பரப்பு என்றால் 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குழியின் பரப்பளவு என்றே பொருள்படும். பந்தை உருட்டி ஆடுவதற்கென்றே ஒட்டக் கத்தரித்து, மேடும் சரிவும் வைத்து அமைத்த நிலத்துக்குக் "குழித்திடல்" என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. திடல் என்ற சொல்லில் மேட்டுநிலம், ஆடுமிடம் என்ற இரு பொருளும் ஏற்கெனவே உள்ளன.

ஒரு களத்தின் கிரீன்கள் சிறந்தவை என்று அறிந்தவர்கள் சொல்லும்போது புல்லின் செழுமையை மட்டும் அவர்கள் கருதுவதில்லை. குழியைக் காட்டும் கொடிக்கம்பம் நிற்கும் இடம், வெகு தொலைவில் நிற்கும் ஆட்டக்காரரின் முதல் அடியையே தீர்மானிக்கிறதா என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய களத்தின் 17ஆம் குழியை எடுத்துக்கொள்வோம். அதன் திடல் ஒடுக்கமாக, ஆட்டக்காரருக்குக் குறுக்கே சாய்ந்து கிடக்கிறது. முன்புறம் இடப்பக்கத்தில் ஆழமான மணற்குழி, பின்புறம் சாலை, அதற்கப்பால் கல்சுவர். இத்திடலை நல்ல கோணத்தில் அணுக வேண்டுமென்றால், முதல் அடியை வலப்புறம், விடுதி வளாகத்தின் மூலைக்கு மேலாகத் துணிந்து அடிக்க வேண்டும். அஞ்சி இடப்புறம் ஒதுங்கியவருக்கு அந்த மணற்குழி நேர் குறுக்கே நிற்கும். 1978 ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஜப்பானிய ஆட்டக்காரர் டோமி நகஜிமா இரண்டே அடிகளில் இத்திடலை எட்டிவிட்டார். பிறகு அவர் உருட்டிய பந்து சரிவில் வளைந்து அந்த மணற்குழிக்குள் விழுந்தது. வெளியேற்றவே நான்கு அடிகள் ஆயின. நான்கில் முடிய வேண்டிய குழி ஒன்பதில் முடிந்தது. பசுந்தரை என்ற சொல்லில் இந்த அமைப்பின் சாயல்கூட இல்லை.

ஒரு களத்தின் 18 குழிகளுக்குரிய திடல்களையும் ஒருசேரக் குறிக்கத் "திடல்வரிசை" என்பதை முன்மொழிகிறேன். தொகுதி என்பதைவிட வரிசை பொருத்தமானது. ஏனெனில் அவை ஒன்றன்பின் ஒன்றாகவே ஆடப்படுகின்றன, முந்தையது கேட்டதை அடுத்தது மீண்டும் கேட்காதிருப்பதே ஒரு வரிசையின் பெருமை. அமெரிக்காவின் ஓக்மாண்ட் களத்தில் பெரும்பாலான திடல்கள் ஆட்டக்காரரை நோக்கிச் சரிந்திருக்க, 1, 10, 12ஆம் திடல்கள் முன்னிருந்து பின்னோக்கிச் சரிகின்றன. அங்கே பந்தைத் திடலுக்கு முன்பே இறக்கி ஓடவிடுவதுதான் வழி. களவடிவமைப்பாளர் டொனால்ட் ராஸ் அமைத்த, அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் களம் வேறு வகை. அதன் திடல்கள் நடுவில் உயர்ந்து ஓரங்களில் வழிவதால், ஓரத்தில் விழுந்த பந்து நிற்காமல் கீழே போய்விடும். கண்ணுக்குத் தெரியும் திடலைவிடப் பந்து நிற்கும் திடல் சிறியது.

இந்தச் சரிவுகளுக்குக் கொத்தனார்கள் நாள்தோறும் சொல்லும் "வாட்டம்" இருக்கிறது. தண்ணீர் ஓடுவதற்குத் தரையில் வாட்டம் விடுவது போலவே இங்கே பந்து ஓடுவதற்கு விடுகிறார்கள். நமக்குப் புதுச்சொல் எதற்கு?

அன்புடன்.

––––

ஐயா, வணக்கம்.

குழித்திடலை ஏற்கிறேன், விளையாட்டுத் திடல் என்று மைதானம் முழுவதையும் சொல்லும் வழக்கம் இருப்பதால், கோல்ஃப் மைதானத்தைக் களம் என்றே எங்கும் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. வாட்டத்தை அப்படியே ஏற்கத் தயக்கமாக உள்ளது. "கோடையில் திடலின் வாட்டம் கூடியது" என்று எழுதினால் புல் வாடிவிட்டது என்றுதானே வாசகர் கொள்வார்? "சாய்வாட்டம்" என்றால் குழப்பம் இராது.

பந்தின் ஓட்டவேகத்துக்கும் ஒரு சொல் வேண்டும். 1935 அமெரிக்க ஓப்பனை ஓக்மாண்டில் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், அத்திடல்களின் வேகத்தை அளக்கவே ஒரு கருவியை உருவாக்கினார். பள்ளமிட்ட சட்டம் ஒன்றின் மேல் பந்தை வைத்து, அது தானாக நழுவும்வரை ஒரு முனையைத் தூக்கி, தரையில் பந்து எத்தனை அடி தூரம் ஓடுகிறது என்று பார்ப்பதே முறை. அந்த அளவை "உருளோட்டம்" எனலாமா? உருளோட்டம் கூடக்கூடச் சாய்வாட்டம் மிகுந்த இடங்களில் பந்து நிற்காது, குழி வெட்டத் தகுந்த இடங்கள் குறைந்துகொண்டே வரும். ஆகவே இரு சொற்களும் ஒரே வாக்கியத்தில் அடிக்கடி சேர்ந்து வரப்போகின்றன.

––––

சாய்வாட்டம், உருளோட்டம் இரண்டும் எனக்குச் சம்மதம். செயின்ட் ஆண்ட்ரூஸில் இரண்டு குழிகள் பகிர்ந்துகொள்ளும் ஏழு திடல்களுக்கு "இரட்டைத்திடல்" என்று பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். 2ஆம் குழியோடு 16, 3ஆம் குழியோடு 15 என்று ஒவ்வோர் இணையும் கூட்டினால் 18 வரும். திடலைச் சூழ்ந்த மணற்குழி, மேடு, ஓரச்சரிவு அனைத்தையும் சேர்த்துக் குறிக்கும் சொல் இன்னும் அமையவில்லை. "திடற்சூழல்" எனக்கு நிறைவு தரவில்லை. குழுவினர் வேறு சொல் தந்தால் நலம்.