சித்திரையும் மே லீவும்: எல்லைப் பக்கத்து அனுபவங்கள்

வண்டிப்பெரியாற்றிலிருந்து:

கேரளத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மே லீவு மார்ச் கடைசியிலேயே தொடங்கிவிடும். ஜூன் 1-ம் தேதி பள்ளி திறக்கும் வரை முழுசாக இரண்டு மாதம். மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுக் கம்பம் ஊரில் இருந்த மாமா பிள்ளைகளுக்கோ ஏப்ரல் பாதி தாண்டியும் பரீட்சை ஓடிக்கொண்டிருக்கும். அதனால் எங்களுக்கு ஏப்ரல் மலையில், மே கீழே அம்மாச்சி வீட்டில். நான் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், வளர்ந்தவள். இந்தப் பக்கத்துச் சித்திரை வழக்கங்களை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது, ஒவ்வொன்றிலும் பிள்ளைகளுக்கென்று ஒரு வேலை இருந்தது என்பதுதான். வேடிக்கை பார்க்க மட்டும் யாரும் எங்களைக் கூட்டிப் போனதில்லை.

கோடைமழை விழுந்ததும் கொழுந்து மளமளவென்று வரும். அம்மா விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போனால் பொழுது சாயத்தான் வருவார். கீழ்ச்சரிவில் காப்பிச் செடிகளும் உண்டு. மழை பெய்து எட்டு, பத்து நாளில் கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை வாசம் லயம் வரை ஏறி வரும். இரண்டு மூன்று நாளில் வாடியும் விடும். அந்த வாசம் வந்தால், புத்தாண்டு விடியலில் முதலில் பார்க்கும் கணிக்கு ஆயத்தம் செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். பெரியவர்களுக்கு நேரம் கிடையாது. கொன்றைப்பூ பறிப்பது, குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது, கடைக்குப் போய் வெள்ளரிக்காய் வாங்கி வருவது எல்லாம் எங்கள் தலையில்தான்.

பக்கத்து வீட்டுச் சேச்சி ஓட்டுருளியில், வெண்கலப் பாத்திரத்தில், கணி வைப்பார். அரிசி, மஞ்சளாகப் பழுத்த கணிவெள்ளரி, மாங்காய், தேங்காய், கண்ணாடி, கோடித்துணி, நாணயம், நடுவில் கிருஷ்ணர். நாங்கள் தாம்பாளத்தில் வைப்போம். முக்கனி, வெற்றிலை பாக்கு, அம்மாவின் ஒற்றைச் சங்கிலி, கண்ணாடி. விடியுமுன்னே ஒவ்வொருவரையும் கண்ணைப் பொத்திக் கூட்டி வந்து காட்டுவது மூத்த பிள்ளையின் வேலை. எங்கள் வீட்டில் அது நான். அப்பாவின் கண்ணைப் பொத்தி நடத்திக்கொண்டு வந்ததை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது. அந்த ஐந்து நிமிடம் அவர் என் சொல்படி நடப்பார்.

சில வருஷம் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு 15 என்று அடுத்தடுத்த நாளில் வரும். சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நேரம் பிற்பகலில் விழுந்தால், சூரியன் மறைவதற்குள் வந்துவிட்டதால் தமிழ்க் கணக்கில் அன்றைக்கே சித்திரை 1. மலையாளக் கணக்கில் உச்சிப்பொழுது தாண்டிப் போனதால் மறுநாள்தான் மேட மாதம் 1. எங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்போது தெரியாது. முதல் நாள் நம் வீட்டில் வேப்பம்பூப் பச்சடி, மறுநாள் சேச்சி வீட்டில் விஷுக் கைநீட்டம், ஆக இரண்டு நாளும் கையில் காசு இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

மே முதல் தேதி எஸ்டேட்டுக்கு விடுமுறை. சங்கக் கொடிக்கம்பங்களுக்குப் புதுக் கயிறு கட்டி, பெண்கள் நல்ல சேலை உடுத்தி ஊர்வலம் போவார்கள். 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர்தான் இந்த நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார் என்று சங்கத்துப் பெரியப்பா ஒருவர் வருஷா வருஷம் சொல்வார். மிட்டாய் டப்பாவை ஏந்திக்கொண்டு ஊர்வலத்தின் கடைசியில் வருவது பிள்ளைகள்.

மறுநாளே குமுளி பஸ். மலைச்சாலையில் இரைச்சல் பாலம் தாண்டினால் காற்று மாறிவிடும். லோயர் கேம்ப் வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணிப்போம். கம்பத்தில் வெயில், திராட்சைப் பந்தல், தூசி. சித்திரைக் கடைசியில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. அம்மாச்சி அக்கினிச்சட்டி எடுப்பவர். முல்லையாற்றில் முழுகி ஈரச்சேலையோடு சட்டியைக் கையில் ஏந்தி நடப்பார். தார் ரோடு கொதிக்கும். பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்துக்கொண்டு அவர் கால் படும் இடத்தில் முன்கூட்டியே ஊற்றிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அந்தக் கூட்டத்தில் அவர் நடை நிற்காமல் பார்த்துக்கொண்டது நானும் என் மாமா மகனும். நேர்த்திக்கடனாக ஆயிரங்கண் பானை எடுத்து வருபவர்களின் கால்களுக்கும் ஊற்றுவோம். யார், எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, சித்ரா பௌர்ணமி. அன்றைக்கு ஒரு நாள்தான் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போக விடுவார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், 1,300 மீட்டருக்கு மேலே, இரு மாநில எல்லையை ஒட்டிய முகட்டில் இடிந்து கிடக்கும் கற்கோயில். குமுளியிலிருந்து ஜீப் போகும். தமிழ்நாட்டுப் பக்கம் பளியங்குடியிலிருந்து நடைதான். அம்மாச்சி ஜீப்பில் ஏற மாட்டார். மதுரையை எரித்துவிட்டு அவள் நடந்துதானே வந்தாள், நாம் மட்டும் உட்கார்ந்து போவதா என்பார்.

முதல் முறை ஏறியபோது பாதி வழியில் எனக்கு மூச்சு முட்டியது. பளியர் குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். நின்று, மடியிலிருந்து ஒரு சுளை புளியை எடுத்துக் கொடுத்து, "கன்னத்துல ஒதுக்கிக்க தாயி, சப்பிக்கிட்டே நட, பேசாத" என்றார். நாக்கில் எச்சில் ஊற ஊற தாகம் மறந்து போனது. மேலே சேரும் வரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முகட்டில் ஒரு பக்கம் திரும்பினால் கம்பம் பள்ளத்தாக்கு தென்னையும் வயலுமாக விரிந்து கிடக்கும். மறு பக்கம் முழுக்கக் காடு.

ஒரு சந்நிதியில் மலையாளத்து முறையில் பூஜை, இன்னொன்றில் தமிழ் முறையில். வரிசையில் எனக்கு முன்னால் குமுளிக்காரச் சேச்சி ஒருவர் கைக்குழந்தையோடு நின்றார். அம்மாச்சிக்கு மலையாளம் ஒரு சொல்லும் தெரியாது. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தான் கொண்டுபோன பச்சை வளையலில் இரண்டை அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிட்டார். வளையல் பையைச் சுமந்து வந்தது என் வேலை. எதிரில் வரும் பெண்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். குன்றக்குறவர் வேங்கை மரத்தடியில் கண்டதாகப் பாடத்தில் படித்த அதே கண்ணகியின் இடத்தில் நின்று, என் கையால் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கதை எனக்குப் பாடமாகத் தோன்றவே இல்லை.

இப்போது மே லீவு என்றால் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு, அபாகஸ் வகுப்பு. அதையும் குறை சொல்லவில்லை. ஆனால் திருவிழாவுக்குக் கூட்டிப் போகும்போது அவர்கள் கையில் ஒரு சொம்பையாவது கொடுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அக்கா சொன்ன அந்தச் சொம்பு விஷயத்துக்காகவே எழுதுகிறேன். எங்கள் பக்கம் சித்தூர் தாலுகா. பழைய கொச்சி ராஜ்யம், ஆனால் வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழ். கும்ப மாசத்தில், நம் மாசியில், சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படைத் திருவிழா. படையெடுத்து வந்த கொங்குச் சேனையைப் பகவதி துணையோடு ஊர்க்காரர்கள் விரட்டியடித்த கதையை வருஷா வருஷம் போர் போலவே நடத்திக் காட்டுவார்கள். வெடிச் சத்தத்தில் காது அடைக்கும். நம் பேச்சு பேசுகிற படையல்லவா தோற்கிறது என்று சின்ன வயதில் எனக்கு வருத்தம். அம்மாவின் அப்பாவான அப்பிச்சியிடம் கேட்டேன். "இப்ப நாம இந்த ஊருக்காரங்கடா, அம்மன் நம்மளையுந்தான் காப்பாத்துறா" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு நான் முன்வரிசையில் நின்றுதான் பார்த்தேன்.

லீவில் எங்கள் வேலை பனங்காட்டில். பாளை சீவிக் கள் இறக்குகிற மரத்தில் நுங்கு கிடைக்காது. அதனால் எந்த மரத்தைச் சீவாமல் விடுவது என்று மரமேறும் மாமாவிடம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். அதற்குத் தூது போவது பிள்ளைகள். அவர் குலையைக் கயிற்றில் கட்டி இறக்குவார், நாங்கள் கீழே நின்று பிடிக்க வேண்டும். அப்படியே கீழே விழுந்தால் நுங்கு சிதைந்துவிடும். இளசைக் கட்டைவிரலால் நோண்டிக் குடித்துவிட்டு, வெறும் நுங்குக் கூடு இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கொம்பால் தள்ளினால் வண்டி தயார். முற்றிப்போனதை மாட்டுக்குப் போடுவோம். பெரிய குலையை மட்டும் அம்மாவின் அம்மாவான அம்முச்சி தனியாக எடுத்து வைப்பார். அது அடுத்த தெருவில் இருந்த மலையாள டீச்சர் வீட்டுக்கு. விஷுவுக்கு அவர் எங்களுக்கு அடைப்பிரதமன் பாயசம் கொடுத்தனுப்பியிருப்பார். தூக்குப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

செங்கோட்டையிலிருந்து:

எங்கள் ஊர் முதலில் திருவிதாங்கூர் ராஜ்யத்திலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. ஆச்சி பிறந்தது ராஜா காலத்தில். அதனாலோ என்னவோ எங்கள் வீட்டில் இன்றும் புத்தாண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சித்திரை விசுதான். குற்றாலத்திலும் பாபநாசத்திலும் கோயில் விசேஷம் நடக்கும். அருவியில் தண்ணீர் நூலாகத்தான் இருக்கும், ஆனாலும் தீர்த்தமாட வேண்டும் என்று கூட்டம் வரும். எனக்குப் பிடித்தது மறுநாள். ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகும் மீட்டர் கேஜ் ரயில். கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்தில் வண்டி மெதுவாகும்போது ஆச்சி எங்களைக் கும்பிடச் சொல்வார். பாலத்தைக் கட்டின கைகளை நினைச்சுக் கும்பிடு என்பார். 2010-ல் அந்த ரயில் நின்றபோது அழுதேன். 2018-ல் அகல ரயில் வந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் கும்பிட வைத்தேன்.

வண்டிப்பெரியாற்று அக்காவுக்கு ஒரு கேள்வி. என் இளையவளுக்கு ஒன்பது வயது. கண்ணகி கோயிலுக்கு நடத்திக் கூட்டிப் போகலாமா?

வண்டிப்பெரியாற்றிலிருந்து:

தாராளமாகக் கூட்டி வாருங்கள் தம்பி. சித்ரா பௌர்ணமி ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும், பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நேரம் அறிவிப்பார்கள். விடிகாலையில் ஏறத் தொடங்குங்கள், மதியத்துக்கு மேல் மலையேற விட மாட்டார்கள். காட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாது, தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டு வாருங்கள். பிள்ளைக்குத் தொப்பி, கெட்டியான செருப்பு. கொஞ்சம் புளி மறக்க வேண்டாம். வளையல் வாங்குவதாக இருந்தால் கம்பத்திலேயே வாங்கிவிடுங்கள், பையை அவளே தூக்கி வரட்டும்.