மாதவிடாய் நிற்பதும் வியாதியா? உங்கள் அனுபவம் என்ன?

சுங்கை சிப்புட்டிலிருந்து

என் பெரியக்கா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். வயது 49. மாதவிடாய் தள்ளித் தள்ளி வர ஆரம்பித்ததும் வேலைக்காட்டிலேயே நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறும். முழுக்கைச் சட்டையைக் கழற்ற முடியாது, கொசு பிய்த்துவிடும். போத்தல் தண்ணீரைத் துண்டில் ஊற்றிப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொள்வார்.

டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். அக்கா சொல்லி முடிக்கவே இல்லை. "ஹார்மோன் குறைபாடு, விட்டால் எலும்பு பொடியாகிவிடும்" என்று ஒரு பேக்கேஜ் தாளை நீட்டினார்கள். ரத்தப் பரிசோதனை, ஊசி, சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து அக்காவின் பாதிச் சம்பளத்துக்கு மேல். அன்று ராத்திரி, "எனக்கு என்னடி வியாதி?" என்று கேட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

45 வயது தாண்டியவருக்கு இந்த அறிகுறிகள் இருந்தால் பொதுவாக ஹார்மோன் பரிசோதனையே தேவையில்லை. அந்தச் சமயத்தில் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க டாக்டர் மாதவிடாய் நிற்பதை ஹார்மோன் குறைபாட்டு நோய் என்று புத்தகம் எழுதிப் பரப்பினார். 2002-இல் அங்கே நடந்த பெரிய ஆய்வில், கூட்டு ஹார்மோன் (ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த) மாத்திரை எடுத்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியதால் அந்த மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதற்காக ஹார்மோனே கூடாது என்று சொல்லவில்லை. சூடு தாங்க முடியாமல் தவிக்கும், 60 வயதுக்குக் குறைந்த பலருக்கு அது நல்ல மருந்து. ஆளைப் பார்த்து, விசாரித்துக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். கட்டணம் ஒரு வெள்ளி. மிஸ்ஸி பிரஷர் பார்த்தார். டாக்டர் தூக்கம், வேலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது நோய் இல்லைம்மா. சூடு தாங்கலன்னா வாங்க, மருந்து இருக்கு" என்றார். அக்காவுக்கு அன்றைக்குத்தான் முகம் தெளிந்தது.

பஹாவிலிருந்து

சரிதான் சகோதரி. எங்கள் வீட்டில் நேர்மாறாக நடந்தது. அம்மாவுக்கு மாதவிடாய் நின்று சில வருடம் கழித்து ரத்தம் பட்டது. லயத்தில் எல்லாரும் "வயசு அப்படித்தான்" என்றார்கள். ஒரு வருடம் முழுக்க நின்றபிறகு கொஞ்சம் பட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, கருப்பையில் இருந்த சதை வளர்ச்சியை அகற்றினார்கள். நல்லவேளை, புற்றுநோய் இல்லை. உங்கள் அக்காவிடம் இதையும் சொல்லி வையுங்கள்.