உதவி: இரண்டாவது ஸ்கோப்பும் போய்விட்டது

ஜெலுத்தோங் வாசி:
அவசரம். இருபது தோட்டாகூட ஆகவில்லை, ரைஃபிள் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குறுக்குக்கம்பி சாய்ந்துவிட்டது. இது இரண்டாவது. முதலாவதில் குறி ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு பக்கம் ஓடியது. மேசைமேல் இரும்புத் தாங்கியில் ரைஃபிளை வைத்து, தாங்கியில் பாரம் ஏற்றித்தான் சுட்டோம், சுடும்போது பின்னால் வரும் உதை தோளுக்கு வரவே இல்லை. எந்த ஸ்கோப் தாங்கும்? அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.

செந்தூல் குமரன்:
எந்த ரைஃபிள், என்ன தோட்டா? எங்கே போகிறீர்கள்? எதையும் சொல்லாமல் கேட்டால் எப்படி அண்ணே?

பிறை மணியம்:
முதலில் லைசென்ஸ் இருக்கிறதா? 1960 ஆயுதச் சட்டப்படி இங்கே மலேசியாவில் காற்றுத் துப்பாக்கிக்கே லைசென்ஸ் வேண்டும்.

ஜெலுத்தோங் வாசி:
மன்னிக்கவும். ஆஸ்திரேலியாவில், டார்வினில் இருக்கும் மச்சானுடையது, லைசென்ஸ் அவரிடம் இருக்கிறது. தோட்டா .375 எச் அண்ட் எச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) ரகம். எருமை வேட்டைக்கு.

சுபாங் பழசு:
.375 என்பது இப்போதுதான் வாயில் வருகிறது. 1912 முதல் ஆப்பிரிக்காவில் எருமையையும் யானையையும் சாய்த்த தோட்டா அது தம்பி, அணில் விரட்ட வந்ததல்ல. உதை தோளுக்கு வரவில்லை என்று பெருமைப்படுகிறீர்களே, அது எங்கே போயிற்று என்று யோசித்தீர்களா? தாங்கியில் எத்தனை கிலோ ஏற்றினீர்கள்?

ஜெலுத்தோங் வாசி:
ஈயப் பை இரண்டு. 20 கிலோ இருக்கும்.

சுபாங் பழசு:
அதுதானே பார்த்தேன். தோள் இருந்தால் உதையை வாங்கிக்கொண்டு உடம்பு பின்னால் சாயும். உங்கள் ரைஃபிளோ கிளம்பிய வேகத்தில் இரும்பில் முட்டி நிற்கிறது. ஓடும் பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நிற்பவர் கதி தெரியுமல்லவா? ஸ்கோப்புக்கும் அதே கதி. கடைசியில் ரைஃபிளின் மரக்கட்டையும் பிளக்கும். ஈயத்தை இறக்குங்கள். தாங்கியை மார்பு உயரத்துக்கு ஏற்றி, நின்றுகொண்டு சுடுங்கள். உட்கார்ந்து குனிந்தால் முழு உதையும் தோளெலும்புக்குத்தான். தோளுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மணல் பை. ஒரு தடவைக்கு ஐந்தாறு தோட்டா போதும், வீரம் காட்ட வேண்டாம். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களை, ரைஃபிள் மேலுள்ள தண்டவாளப் பள்ளத்தில் முன்பக்கம் தள்ளிவைத்து முறுக்கினீர்களா? ஸ்கோப் கண்ணிலிருந்து 9, 10 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கோப் இடித்துப் புருவத்தில் பிறைநிலா விழும்.

செந்தூல் குமரன்:
இத்தனை பாடு எதற்கு? குழல் முனையில் பிரேக் (வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துண்டு) பொருத்தினால் உதை பாதியாகிவிடும்.

சுபாங் பழசு:
பக்கத்தில் நிற்பவர் காதும் பாதியாகிவிடும்.

ஆயர் ஈத்தாம் ரவி:
ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கிக்கென்று விற்கும் ஸ்கோப் வாங்குங்கள். அந்தத் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும், சாதாரண ஸ்கோப் பல அதில் தாங்காது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறை மணியம்:
எங்கே பார்த்தீர்கள்? உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா?

ஆயர் ஈத்தாம் ரவி:
பார்ப்பதற்குமா லைசென்ஸ்?

பிறை மணியம்:
வைத்திருப்பவருக்கு இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

சுபாங் பழசு:
கேட்டவரைக் காணோம், நீங்கள் இருவரும் போலீஸ் நிலையம் நடத்துங்கள்.

ஜெலுத்தோங் வாசி:
பதினோரு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஈயத்தை இறக்கி, நின்று சுட்டோம். தோள் நீலம் பாரித்திருக்கிறது. புது ஸ்கோப் 14 தோட்டா தாங்கியது, குறி நகரவில்லை. ஆனால் கட்டையில், கைப்பிடிக்குப் பின்னால், மயிரிழை விரிசல் ஒன்று தெரிகிறது. ஈயப் பை என் யோசனை என்பதால் மச்சான் என்னோடு பேசவில்லை.

செந்தூல் குமரன்:
எந்த ஸ்கோப் அண்ணே?

செந்தூல் குமரன்:
அண்ணே?